பொலோஞா நகரத்து இறைச்சிக் குழம்பு

இத்தாலி நாட்டின் வடபகுதியிலே, போ ஆற்றுச் சமவெளியின் தென்விளிம்பில் அமைந்த நகரம் பொலோஞா. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்குதான் உள்ளது; அது 1088-இல் தோன்றியது என்பது மரபு. அதனால் அந்நகரைக் 'கற்றவள்' என்று இத்தாலியர் அழைப்பர். 'கொழுத்தவள்' என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. இஃது இழிவுரையன்று, அவ்வூரின் உணவுச் செழிப்பைப் பாராட்டி வழங்கிய பெயர். இவ்விரு பெயர்களும் கைகோத்த நாள் என்று 1982 அக்டோபர் 17-ஆம் நாளைச் சொல்லலாம். அன்று இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தின் பொலோஞாக் கிளையினர், ஒரு குழம்பு வைக்கும் முறையை ஏட்டில் எழுதி, நகரத்து வர்த்தகக் கழகத்திற்கு எடுத்துச்சென்று, நோட்டரியின் சான்றுடன் ஒப்படைத்தனர். நிலத்தையும் வீட்டையும் பதிவு செய்வதுபோல் குழம்பையும் பதிவு செய்துவைத்தனர்.

'ராகூ' எனப்படும் இக்குழம்பு, கொத்திய மாட்டிறைச்சியைக் காய்களோடு வதக்கி, மதுவும் பாலும் வார்த்து, சிறுதீயில் மணிக்கணக்காக வேகவைத்து ஆக்கப்படுவது. கோதுமை மாவை முட்டை விட்டுப் பிசைந்து, மெல்லிதாகத் தேய்த்து, நாடா நாடாவாக அரிந்து செய்யும் பாஸ்தாவுக்குத் 'தாலியத்தெல்லே' என்று பெயர். அந்த நாடாக்களை வேகவைத்து இக்குழம்பில் பிரட்டி உண்பர். அந்நகரத்தார் நாடாவின் அகலத்தையும் விட்டுவைக்கவில்லை. 1972-லேயே பொன்னால் ஒரு மாதிரி செய்து, அதே வர்த்தகக் கழகத்தில் வைத்தனர். வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதாவது, அவ்வூர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. கோபுரத்தைக் கொண்டு மாவை அளக்கும் குறும்பு, பழைய பல்கலைக்கழக நகருக்குப் பொருத்தமானதுதான்.

மாட்டிறைச்சியை விலக்குவோர் தமிழரிடையே பலர். ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எதை உண்டனர், எதை உண்ண விரும்பியும் இயலாதிருந்தனர் என்பது வரலாற்றுச் செய்தியே ஆகும். பொலோஞாக் குழம்பின் வரலாற்றில் இரண்டாவது செய்தியே பெரிது.

முதலில் ஏட்டைப் பார்க்கலாம். 1982-இல் எழுதிய முறைப்படி மாட்டின் உதரவிதானத் தசை 300 கிராம், பன்றியின் வயிற்றிறைச்சி 150 கிராம், கேரட்டும் செலரித் தண்டும் ஐம்பது ஐம்பது கிராம், சிறிது வெங்காயம், ஐந்து கரண்டி தக்காளிச் சாறு, அரைக் குவளைத் திராட்சை மது, ஒரு குவளைப் பால் ஆகியவை வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குமேல் சென்றபின், 2023 ஏப்ரல் 20-ஆம் நாள், அதே கழகத்தார் திருத்திய முறை ஒன்றை மீண்டும் ஒப்படைத்தனர். இதில் உதரவிதானத் தசையின் பெயர் போயிற்று. பருமனாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம் என்றாயிற்று. தக்காளி மிகுந்தது. பால், விரும்பினால் சேர்க்கலாம் என்ற நிலைக்கு இறங்கிற்று. அத்துடன், எவற்றைச் சேர்த்தால் அது பொலோஞாக் குழம்பாகாது என்ற விலக்குப் பட்டியலும் இணைக்கப்பட்டது. கன்றிறைச்சி ஆகாது, கெட்டிப்படுத்த மாவு ஆகாது, பூண்டு, நறுமணத் தழை, மணப்பொருள் எதுவும் ஆகாது.

இந்த விலக்குகளை நினைவில் இருத்திக்கொண்டு பழைய நூல்களைப் புரட்டினால் வியப்பான செய்திகள் கிடைக்கின்றன.

கர்தினாலின் சமையற்காரர்

'ராகூ' என்பது இத்தாலியச் சொல்லன்று. மங்கிய சுவையை மீண்டும் எழுப்புதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைச்சொல்லின் வழியாக வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சமையல் ஐரோப்பியப் பெருமக்கள் இல்லங்களில் ஆட்சி செலுத்திற்று. சொல்லும் பண்டமும் ஒன்றாகவே ஆல்ப்சு மலையைக் கடந்தன. முசோலினியின் ஆட்சிக் காலத்தில் வேற்றுமொழிச் சொற்களைக் களையும் முயற்சி நடந்தபோது இச்சொல்லை 'ரகுத்தோ' என்று இத்தாலிய உருவாக்கிப் பார்த்தனர். ஆட்சியும் போயிற்று, ரகுத்தோவும் போயிற்று. அடுப்படியில் வேரூன்றிய சொல்லை அரசாணை கொண்டு பிடுங்குவது எளிதன்று.

அதுவரையில் இத்தாலியச் செல்வர் பாஸ்தாவைத் துருவிய பாலாடைக்கட்டியுடனும் வெண்ணெயுடனும் உண்டனர். சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவி உண்பதும் வழக்கம். இறைச்சிக் குழம்பு பாஸ்தாவின்மேல் ஏறியதற்குப் பொலோஞாப் பகுதியில் கிடைக்கும் பழைய சான்று, அண்டை ஊராகிய இமோலாவில் உள்ளது. அங்கே 1785 முதல் 1800 வரை ஆயராக இருந்தவர் கர்தினால் கியாரமோந்தி. இவரே பின்னர் ஏழாம் பயஸ் என்னும் பெயருடன் போப்பாண்டவராகி, நெப்போலியனிடம் சிறைப்பட்டவர். இவருடைய இல்லத்தில் சமையற்காரராக இருந்த அல்பெர்த்தோ அல்வீசி என்பார் எழுதிவைத்த கையேட்டில் மாக்கரோனிக்கான ராகூ ஒன்று இடம்பெற்றிருக்கிறது. ஆக, இக்குழம்பு தோன்றிய இடம் குடியானவன் குடிசையன்று, ஆயரின் மாளிகை.

தாலியத்தெல்லே பற்றிய கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். 1487-இல் பொலோஞாவை ஆண்ட பெந்திவோலியோ குடும்பத்து மணமகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த லுக்ரேசியாவின் பொன்னிறக் கூந்தலைக் கண்டு மயங்கிய சமையற்காரன் ஒருவன், அக்கூந்தலைப் போலவே மாவை அரிந்து படைத்தான் என்பர். திருமணம் உண்மை, கூந்தல் கதை 1931-இல் அகுஸ்தோ மயானி என்னும் நகைச்சுவை ஓவியர் புனைந்தது. ஒரு தலைமுறைக்குள் அது பழமையான செய்தி ஆகிவிட்டது.

அர்த்தூசியின் நூல்

'பொலோஞா முறை' என்ற பெயருடன் இக்குழம்பை அச்சேற்றிப் பரப்பியவர் பெல்லெகிரீனோ அர்த்தூசி. 1820-இல் பொலோஞாவின் கிழக்கேயுள்ள ஃபோர்லிம்பொபொலி என்ற சிற்றூரில் பிறந்தார். 1851 சனவரியில், ஊரின் நாடக அரங்கில் மக்கள் கூடியிருந்த வேளையில், 'பசத்தோரே' என்னும் கொள்ளைத் தலைவனின் கூட்டம் ஊருக்குள் புகுந்தது. அர்த்தூசியின் வீடும் சூறையாடப்பட்டது. அன்றைய அதிர்ச்சியில் அவருடைய தமக்கையர் தங்கையருள் ஒருத்தி மனநிலை திரிந்து, பின்னர் மனநோய் விடுதியிலேயே காலம் முடிந்தாள். குடும்பம் ஊரைவிட்டு ஃபுளோரன்சு நகரில் குடியேறிற்று. அங்கே பட்டு வாணிகத்தில் பொருளீட்டிய அர்த்தூசி, எழுபதாம் வயதைக் கடந்தபின், 1891-இல், தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 சமையல் முறைகள். 1911-இல் அவர் மறைந்தபோது 790.

இத்தொகை பெருகிய வழியே நூலின் சிறப்பு. படித்த இல்லத்தரசியர் நாடெங்கிலுமிருந்து அவருக்குக் கடிதம் எழுதினர். இது சரியாக வரவில்லை என்றனர். எங்கள் வீட்டில் இவ்வாறு செய்வோம் என்றனர். அவரும் தம் வீட்டு அடுப்பில் செய்துபார்த்து அடுத்த பதிப்பில் சேர்த்தார். இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861-இல்தான். அன்று இத்தாலிய மொழியைப் பேச வல்லார் மக்களுள் மிகச் சிலரே. நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோ 1963-இல் கணித்தார். பத்துப் பேர் வரை இருக்கலாம் என்று அவரை மறுத்தோரும் உண்டு. பிறரெல்லாம் தத்தம் வட்டார மொழியே அறிந்தவர். இந்நிலையில் எல்லா வட்டாரத்தாரும் விளங்கிக்கொள்ளத்தக்க எளிய உரைநடையில், சொற்பொருள் விளக்கத்துடன் வந்த நூல் இது. பொலோஞாப் பல்கலைக்கழகத்து இலக்கியப் பேராசிரியர் பியெரோ கம்பொரேசி, 1970-இல் இந்நூலைப் பதிப்பித்தபோது, நாட்டை ஒன்றுபடுத்துவதில் மன்சோனியின் புகழ்பெற்ற நாவல் சாதித்ததைவிட இச்சமையல் நூல் சாதித்தது மிகுதி என்று எழுதினார். மொழிப்பற்றுடையோர் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்கத்தகும்.

இனி, அர்த்தூசி கூறும் பொலோஞா முறை யாது? கொழுப்பற்ற கன்றிறைச்சி 150 கிராம், உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சி 50 கிராம், வெண்ணெய் 40 கிராம், கால் வெங்காயம், அரைக் கேரட், செலரித் தண்டு, ஒரு சிட்டிகை மாவு, இறைச்சிச் சாறு, சாதிக்காய் மணம். தக்காளி அறவே இல்லை. அவர் சொல்லும் பாஸ்தாவும் நாடாவன்று. 'குதிரைப்பல்' என்னும் குழாய் வடிவினது.

கன்றிறைச்சி, மாவு, சாதிக்காய் என்ற மூன்றும் 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் விலக்கப்பட்டவை! அச்சில் முதன்முதல் பொலோஞாவின் பெயரைத் தாங்கிப் புகழ்பெற்ற குழம்பை இன்று ஒருவர் சமைத்துச் சென்றால், அந்நகரத்துக் கழகத்தார் அது பொலோஞாக் குழம்பன்று என்றுதான் தீர்ப்பளிக்கவேண்டும்.

தக்காளியோ, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. தக்காளிச் சாறு செய்யும் முறையை இத்தாலியில் முதலில் அச்சிட்டவர் அந்தோனியோ லத்தீனி. 1690-களில் நேப்பிள்சில் வெளிவந்த அவர் நூலில் அதற்கு 'இசுபானிய முறை' என்றே பெயர். வட இத்தாலியில் பார்மா நகரைச் சுற்றித் தக்காளிப் பயிரும், அதனைக் கெட்டியாகக் காய்ச்சி அடைக்கும் தொழிலும் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதன் பின்னரே பொலோஞாவின் சட்டி சிவந்தது. ஆக, பிரெஞ்சுக்காரரின் சொல், அமெரிக்காவின் கனி, ஆயரின் மாளிகை, பட்டு வணிகரின் நூல் எனப் பல ஓடைகள் கலந்த நீர் அது. உணவு வரலாற்றாசிரியர் மசிமோ மொந்தனாரி 2019-இல் வெளியிட்ட சிறு நூலில், தக்காளி இட்ட பாஸ்தாவை எடுத்துக்கொண்டு, ஓர் உணவின் தோற்றம் வேறு, அதன் அடையாளம் வேறு என்று நிறுவுகிறார். பொலோஞாக் குழம்புக்கும் அது முற்றும் பொருந்தும்.

இறைச்சி இல்லாத வீடுகள்

நூல்களை மட்டும் கற்றால் அந்நாட்டார் அனைவரும் இறைச்சிக் குழம்பில் திளைத்தனர் என்ற மயக்கம் உண்டாகும். அர்த்தூசி தம் நூலைத் திருத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் பிறந்த சமவெளியின் உழவர் என்ன உண்டனர்? 1877-இல் இத்தாலிய நாடாளுமன்றம் வேளாண்மை நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. யாச்சீனி என்பவர் தலைமையிலான அக்குழுவின் அறிக்கைகள் 1880-களில் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. வடபகுதி உழவரின் அன்றாட உணவு பொலெந்தா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. காலையும் களி, மாலையும் களி. இறைச்சி என்பது திருநாளில் வருவது. சில வீடுகளில் அதுவும் இல்லை.

இதன் விளைவு 'பெல்லக்ரா' என்னும் நோய். தோல் கறுத்து வெடிக்கும், வயிறு போகும், இறுதியில் அறிவு கலங்கும். 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நோயாளர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். வெனேத்தோ, லொம்பார்தியா, எமிலியா ஆகிய பகுதிகளின் மனநோய் விடுதிகள் இவர்களால் நிரம்பின. கெட்டுப்போன சோளத்தின் நஞ்சே காரணம் என்று மருத்துவர் நெடுநாள் வாதிட்டனர். உண்மை அதுவன்று. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் சத்தை நம் உடல் எளிதில் பெற இயலாது. மெக்சிக்கோவின் பழங்குடியினர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இக்குறையை நீக்கினர். ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டுவந்தனர், சுண்ணாம்பைக் கொண்டுவரவில்லை. இந்நோய் உணவுக் குறையால் வருவது என்பதை அமெரிக்க மருத்துவர் கோல்ட்பெர்கர் 1910-களில் காட்டினார். குறைபட்ட சத்து நியாசின் என்பது 1937-இல் தெளிவாயிற்று. அச்சத்து இறைச்சியில் மிகுதியாக உண்டு. எருதை ஏரில் பூட்டி உழுத கை, அவ்வெருதின் இறைச்சியில் சிறிதளவு பெற்றிருந்தால் அந்நோய் அணுகியிராது.

இங்கேதான் சிறுதீயின் பயன் விளங்கும். அந்நாளில் அச்சமவெளியின் மாடுகள் உழைப்புக்கென வளர்ந்தவை. வண்டியும் ஏரும் இழுத்து ஓய்ந்தபின்னரே அவை அறுப்புக்குச் சென்றன. அத்தகைய இறைச்சியை விரைந்து வறுத்தால் பல் தாங்காது. தசைநார்களைப் பிணைக்கும் கொலாசன் என்னும் பொருள், ஈரத்துடன் சிறுசூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் உருகிப் பசையாக மாறும். அப்பசையே குழம்புக்குத் திரட்சியும் நாவுக்கு வழவழப்பும் தருகின்றது. 1982-ஆம் ஆண்டு ஏட்டில் குறித்த உதரவிதானத் தசையோ, மாடு மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் வாழ்நாள் முழுதும் உழைத்த தசை. சுவை மிக்கது, கடினமும் மிக்கது. அதனை அப்படியே தட்டில் வைத்தால் ஒருவர்க்கு இருவர்க்குத்தான் காணும். கொத்திக் காயுடன் கூட்டிப் பாஸ்தாவில் பிரட்டினால் ஒரு குடும்பத்துக்கே காணும். கொத்துவது சுவைக்காக மட்டுமன்று, கணக்குக்காகவும்தான். மாளிகையில் பிறந்த குழம்பு நகரத்துச் சிறு வீடுகளுக்குள் நுழைந்தபோது, இல்லத்தரசியின் கையில் அது சிக்கனக் கருவியாயிற்று.

நேப்பிள்சின் ஞாயிறு

தென் இத்தாலியின் நேப்பிள்சு நகரத்து ராகூ வேறு வகையினது. அங்கே இறைச்சியைக் கொத்துவதில்லை. பெரிய துண்டுகளாகவே தக்காளிச் சாற்றில் அமிழ்த்தி, ஆறேழு மணி நேரம், குமிழி ஒன்றன்பின் ஒன்றாக எழும்படி வைப்பர். அக்குமிழியின் ஓசையைக் கொண்டே 'பிப்பியாரே' என்ற வினைச்சொல்லை அவ்வூரார் ஆக்கிக்கொண்டனர். குழம்பு பாஸ்தாவுக்கு, இறைச்சி அதற்கடுத்த பரிமாற்றத்துக்கு. ஒரே சட்டியில் இரண்டு உணவு முடியும். தக்காளியே இல்லாமல், இறைச்சியின் எடைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ வெங்காயத்தைப் போட்டு, அது கரைந்து களிம்பாகும்வரை வேகவைக்கும் முறையும் அங்கே உண்டு. அதற்கு 'ஜெனோவேசே', அதாவது ஜெனோவா நகரத்தது, என்று பெயர். ஜெனோவாவில் அப்படியொரு குழம்பு இல்லை என்பது வேடிக்கை.

எதுவார்தோ தெ பிலிப்போ 1959-இல் இயற்றிய 'சனி, ஞாயிறு, திங்கள்' என்னும் நாடகம் இக்குழம்பைச் சுற்றியே நடப்பது. ரோசா என்னும் குடும்பத்தலைவி சனிக்கிழமையே ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கான ராகூவைத் தொடங்கிவிடுகிறாள். வீட்டில் கணவனுக்கும் அவளுக்கும் முகம் கொடுத்த பேச்சில்லை. காரணத்தை ஆராய்ந்து போனால், மருமகள் சமைத்த மாக்கரோனியைக் கணவன் அளவுமீறிப் புகழ்ந்துவிட்டான் என்பதே வெளிப்படுகிறது. பார்ப்பவர்க்குச் சிரிப்பு வரும். ஆனால் முப்பது ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து அடுப்பின் அருகே நின்றவளுக்கு அது சிரிப்பன்று.

1876-க்கும் 1915-க்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் இத்தாலியர் பிழைப்பு நாடிக் கடல்கடந்தும் எல்லை கடந்தும் சென்றனர். அமெரிக்காவில் இறைச்சி மலிவு. ஊரில் திருநாளுக்கு மட்டும் கண்டதை அங்கே வாரந்தோறும் காணமுடிந்தது. ஸ்பகெத்தியின்மேல் பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்து உண்ணும் வழக்கம் அங்கே தழைத்தது. பிற நாடுகளின் உணவு விடுதிகளில் 'ஸ்பகெத்தி பொலோஞேசே' என்ற பெயர் பரவிற்று. 2019-இல் பொலோஞாவின் நகரத்தலைவர் விர்ஜினியோ மெரோலா, அப்படியோர் உணவு தம் நகரில் இல்லை, அது பொய்ச் செய்தி என்று அறிவித்து, உலகின் பல பாகங்களிலிருந்து அதன் படங்களை அனுப்புமாறு கேட்டார். நகைப்புக்காகச் செய்தார் என்று கொள்வதே நன்று. பசிக்கு அஞ்சிப் புறப்பட்டவர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த உணவைப் போலி என்று பழிப்பது தகாது.

இத்தாலிக்குள் நிலைமை மாறியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1950-களின் பிற்பகுதியில் தொழில் வளர்ந்து, ஊதியம் உயர்ந்து, இறைச்சி எளியார் வீட்டுக்கும் வந்தது. ஏருக்குப் பதில் எந்திரம் வந்ததால், உழைத்துக் கிழமான மாட்டின் தசையும் கடைகளில் அரிதாயிற்று. பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்றனர். முன்பு இறைச்சிக்குப் பஞ்சம். இப்போது அடுப்பருகே நிற்கும் நேரத்துக்குப் பஞ்சம். நேரம் முன்னரும் இலவசமாக வந்ததன்று. அதனை யாரும் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவே. சமையற்கலைக் கழகம் 1953-இல் ஓரியோ வெர்கானி என்னும் பத்திரிகையாளரால் மிலான் நகரில் நிறுவப்பட்டதும், பின்னர் அதன் பொலோஞாக் கிளையார் வர்த்தகக் கழகத்தின் படியேறியதும் இந்தச் சூழலில்தான். பழையது கைநழுவுகின்றது என்ற அச்சம் எழும்போதே மக்கள் அதனை எழுதிவைக்க முற்படுகின்றனர். எழுதியவர்கள் பெரும்பாலும் அதைச் சமைத்தவர்கள் அல்லர்.

அர்த்தூசி இவ்வகையில் மாறுபட்டவர். திருமணம் செய்துகொள்ளாத அவருடைய வீட்டில் சமைத்தவர்கள் பிரான்செஸ்கோ ருஃபில்லி, மரியெட்டா சபத்தீனி என்ற இருவர். நூலில் உள்ள முறைகளை அடுப்பில் ஏற்றிச் சரிபார்த்தவர்கள் இவர்களே. தம் நூலின் வருவாய் உரிமையை அவர் இவ்விருவருக்கும் எழுதிவைத்தார். ஃபோர்லிம்பொபொலியில் 1997 முதல் அவர் பெயரால் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். வீட்டுச் சமையலில் தேர்ந்தவர்க்கு மரியெட்டாவின் பெயரால் பரிசும் வழங்குகிறார்கள். நூலுக்குள்ளும் 'மரியெட்டாவின் பனெத்தோனே' என்று ஓர் இனிப்பு ரொட்டிக்கு அவள் பெயரை அர்த்தூசி இட்டிருக்கிறார். பொலோஞாக் குழம்பு வரும் பக்கத்தில் பெண் பெயர் எதுவும் இல்லை. அங்கே நகரத்தின் பெயர் மட்டுமே உள்ளது.